ஏரிக்கரை வீடும் எங்கள் தெருக் குழாயும்

வெளிநாட்டு ஆட்களைப் பட்டுக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போகாதே என்று ஒரு டிராவல்ஸ் முதலாளி சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. காஞ்சிபுரத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறவனுக்கு அது எவ்வளவு வினோதமான பேச்சு என்று இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஒரு கோயில், ஒரு பட்டுக்கடை, இன்னொரு கோயில், இன்னொரு பட்டுக்கடை. எங்கள் வண்டி போகிற வரிசையே அதுதான். சேலை விற்றால் கடைக்காரர் டிரைவர் கையில் ஏதாவது கொடுப்பார். பல வீடுகளில் பள்ளிக்கூட ஃபீஸ் அதில்தான் கட்டுகிறோம்.

"ஏன் மொதலாளி, சேலை வேணாமாமா அவங்களுக்கு?" என்று கேட்டேன்.

"சேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். கேஸ் விஷயமா வராங்கபா. மூணு நாளு. நீ வாயத் தொறக்காம ஓட்டு, போதும்."

"எந்த கேஸு?"

"உங்க காலனி கேஸுதான். தண்ணித் தொட்டி கேஸு. அதனாலதான் உன்னப் போடலாமா வேணாமான்னு ரோசன பண்ணிக்கினு இருந்தேன். வேற டிரைவர் இல்ல, இன்னா பண்றது."

அந்தக் கேஸ் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது.

எங்கள் காலனி ஓரிக்கை தாண்டி, பாலாற்றை ஒட்டி இருக்கிறது. இந்தக் கோடியில் அம்மன் கோயில், அந்தக் கோடியில் மாதா கோயில், நடுவில் நாங்கள். முன்பு எல்லாரும் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். இப்போது சாயப்பட்டறைக்குப் போகிறவர்கள் உண்டு, ஜவுளிக்கடையில் நிற்கிறவர்கள் உண்டு, நர்ஸ் வேலை பார்க்கும் பெண்கள் இரண்டு பேர் உண்டு. நான் பத்தாவது படித்துவிட்டுக் கார் ஓட்டுகிறேன். என் மனைவி வீட்டில் ராட்டை போட்டுப் பட்டு நூல் சுற்றுகிறாள். எல்லா வேலையும் வந்துவிட்டது, தண்ணீர் மட்டும் வரவில்லை. பாலாற்றில் வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான். மணலுக்குள் ஒரு பம்பு இருக்கிறது. கரண்ட் இருக்கும்போது அதில் பிடித்து வர வேண்டும்.

என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது குடிநீர்த் திட்டம் ஒன்று வந்தது. ஆற்றங்கரை ஊர்கள் பலவற்றுக்கும் சேர்த்த திட்டம். எங்களுக்கு நான்கு கால் வைத்த ஒரு மேல்நிலைத் தொட்டி கட்டினார்கள். ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் ஒரு குழாய் நட்டார்கள். திறப்பு விழாவுக்கு மறுநாள் குழாயைத் திருகினோம், காற்றுகூட வரவில்லை. மோட்டார் வரும், லைன் வரும், பொறு, பொறு என்று சொல்லிக்கொண்டே வருஷங்கள் போயின. குழாய்களில் சைக்கிளைச் சாய்த்து வைத்தோம், மாவிலை கட்டினோம். எதிர்வீட்டுக்காரர் தன் கிடாவைக் கட்டினார். ஒருநாள் அந்தக் கிடா முட்டி இழுத்ததில் குழாய்த் தூண் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. கீழே பார்த்தால் ஒரு முழம் பைப்பு, அதற்கும் கீழே வெறும் மண். எல்லா வீட்டு வாசலிலும் தோண்டிப் பார்த்தோம். எல்லாம் அப்படித்தான். தெருவுக்கு அடியில் பைப்பே போடவில்லை.

எங்கள் மகளிர் குழுத் தலைவி ஒரு அக்கா. அவரை வயது வித்தியாசம் இல்லாமல் எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர்தான் பிடுங்கிய தூணைத் தோளில் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கப் போனார். ஒரு திங்கள் இல்லை, பல திங்கள். கடைசியில் லஞ்ச ஒழிப்புக்காரர்கள் வந்து தோண்டினார்கள், திட்டத்தின் பெரிய பொறியாளர் பிடிபட்டார். அவர் பெயரை எழுத மாட்டேன். அவருக்கும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் உண்டு.

ஆனால் பைப்புக்கு ஒதுக்கிய பணம் அவர் வீட்டில் இல்லை. இந்தியாவிலேயே இல்லை. ஐரோப்பாவில் ஒரு சின்ன நாட்டில், ஒரு ஏரிக்கரையில், அவருடைய மச்சான் பெயரில் ஒரு வீடாக நின்றுகொண்டிருந்தது.

இதைச் செய்தியில் கேட்ட அன்று என் மகள் கேட்டாள்: "ஏம்பா, நம்ம பைப்பு அங்க வீடா ஆயிடுச்சின்னா, அந்த ஊருக்கு லாபந்தான? எதுக்குத் திருப்பித் தரணும்?" என் மகன் இன்னொன்று கேட்டான்: "அது நம்ம பணந்தான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? பணத்துல பேரா எழுதிக்கீது?" இந்த இரண்டு கேள்வியையும் மனதில் வைத்துக்கொண்டுதான் வெளிநாட்டு ஆட்கள் வந்த அன்று வண்டியைக் கழுவினேன்.

மூன்று பேர் வந்தார்கள். அந்த நாட்டு அரசாங்கத்திலிருந்து ஒரு அம்மா, நரைத்த தலை, துணித் தொப்பி. மொழிபெயர்க்க ஒரு பெண், அவளும் அந்த நாட்டிலிருந்தே வந்தவள். சென்னையிலிருந்து நம்முடைய அதிகாரி ஒருவர், அவர் முன் சீட்டில் உட்கார்ந்தார். மொழிபெயர்க்கும் பெண் வாயைத் திறந்ததும் எனக்கு ஆச்சரியம். இலங்கைத் தமிழ் பேசினாள். சின்ன வயதில் அப்பா அம்மாவோடு அந்தக் குளிர் நாட்டுக்குப் போனவளாம்.

"அண்ணா, உங்கட ஊரில இவ்வளவு வெயிலோ?" என்றாள்.

"இது மார்கழிம்மா. வெயில் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

அவள் அதை அந்த அம்மாவிடம் சொன்னாள். அந்த அம்மா தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

முதல் நாள் முழுக்க ஆபீஸ் ஆபீஸாகப் போனோம். காந்தி ரோட்டில் மெதுவாகப் போகும்போது பட்டுக்கடை ஆள் ஒருவர் வண்டியோடு கூடவே ஓடி வந்தார். "அண்ணே, உள்ள வுடுண்ணே, ஏசி இருக்குது, டீ இருக்குது." நான் தலையை ஆட்டினேன். "இன்னாண்ணே, வேற கடைல சொல்லிட்டியா? நமக்குள்ள பேசிக்கலாம்ணே." அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். பின்னால் அந்தப் பெண் இதையும் மொழிபெயர்த்தாள். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

மத்தியானம் இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அதிகாரி காசு கொடுக்கப் போனார். அந்த அம்மா தடுத்துவிட்டுத் தன் இளநீருக்குத் தானே கொடுத்தார். எனக்கும் வாங்கிக் கொடுக்கவில்லை. கஞ்சம் என்று நினைத்தேன். அந்தப் பெண் சொன்னாள்: "குறை நினைக்காதேங்கோ அண்ணா. இந்த வேலைக்கு வந்த இடத்தில ஒரு தேத்தண்ணியும் ஆரிட்டையும் வாங்கவும் ஏலாது, குடுக்கவும் ஏலாது. சட்டம் அப்பிடி."

இளநீர் குடிக்கிற இடத்தில் டிரைவர் வாயைத் திறக்கலாம் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். என் மகனுடைய கேள்வியைத்தான் முதலில் கேட்டேன். அதற்கு அதிகாரி பதில் சொன்னார்.

"பேரெல்லாம் எழுதியிருக்காதுப்பா. ஆனா பணம் நடந்து போன வழி இருக்கும். இங்க பைப்பு வாங்கினதா ஒரு கம்பெனிக்குப் பணம் போச்சு. அந்தக் கம்பெனி வேற ஊர்ல ஒரு கம்பெனிக்கு அனுப்புச்சு. அங்கேருந்து இன்னொண்ணு. கடைசில மச்சான் கணக்கு. ஒவ்வொரு பேங்கா, ஒவ்வொரு நாடா கேட்டுக் கேட்டுப் பின்னாடியே போகணும்."

நூல் சுற்றுகிற வீட்டில் இருப்பவன் நான். சிக்கலில் ஒரு நுனி கிடைத்தால் போதும், அறுக்காமல் பின்னாலேயே போகலாம். ஆனால் என் மனைவிக்குச் சிக்கல் முழுக்க மடியில் இருக்கும். இவர்களுக்கு நான்கு நாடுகளில் கிடக்கிறது. ஒவ்வொரு நாட்டிலும், "எங்கள் ஆட்கள் பேங்க் விவரத்தை உங்களுக்கு ஏன் காட்ட வேண்டும்?" என்று கேட்கிறார்கள். அதற்கு நம் கோர்ட்டு ஒரு வேண்டுகோள் எழுத வேண்டும். அது டெல்லிக்குப் போய், அங்கிருந்து அந்த நாட்டுக்குப் போக வேண்டும். அவர்கள் மொழியில் மாற்ற வேண்டும். சந்தேகம் கேட்டு அவர்கள் திருப்பி அனுப்புவார்கள். மறுபடி முதலிலிருந்து. இப்படி ஒருவருக்கு ஒருவர் உதவ வேண்டும் என்று பல நாடுகள் சேர்ந்து ஒப்பந்தம் போட்டிருக்கின்றனவாம். அதன்படி அவர்கள் முதலில் அந்த ஏரிக்கரை வீட்டை யாரும் விற்கவோ வாடகைக்கு விடவோ முடியாமல் முடக்கி வைத்தார்கள். தான் சம்பாதித்து வாங்கியது என்று மச்சான் அங்கே கோர்ட்டில் வாதாடினார். தோற்றார். மேல் கோர்ட்டுக்குப் போனார். அங்கும் தோற்றார். வீட்டை விற்றார்கள். அதற்குள் கைக்குழந்தையாக இருந்த என் மகள் எட்டாவது வந்துவிட்டாள்.

அடுத்து மகளின் கேள்வி. அந்தப் பெண் அதை மொழிபெயர்த்ததும் அந்த அம்மா இளநீரின் வழுக்கையைச் சுரண்டிக்கொண்டே யோசித்தார். பிறகு நிறையப் பேசினார்.

"அவ சொல்லுறா, கெட்டிக்காரப் பிள்ளை எண்டு. எங்கட நாட்டில வங்கியள் கனக்க. களவுக் காசெல்லாம் எங்களிட்டத்தான் வந்து ஒளிக்கும் எண்டு உலகத்தில பேர் எடுத்திட்டம். அந்தப் பேர் இனி வேண்டாமாம். மற்றது, இண்டைக்கு உங்கட காசு எங்களிட்ட இருக்கு. நாளைக்கு எங்கட காசு வேற எங்கையாவது போய் இருக்கும். அப்ப நாங்களும் போய்க் கேக்க வேணுமெல்லோ?"

இது எனக்குப் புரிந்தது. எங்கள் தெருவில் ஒருவர் வீட்டுக் கோழி இன்னொருவர் வீட்டில் அடைந்தால் திருப்பி விடுவதும் இதற்காகத்தான்.

"அப்படின்னா பணம் வந்துடும் இல்ல சார்?" என்று அதிகாரியைக் கேட்டேன்.

அவர் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சொன்னார். "ஒரு விஷயம் பாக்கி இருக்கு. எந்த வேலைக்கான பணமோ அந்த வேலைக்கே போகணும்னு பேச்சு. அந்த வேலை இன்னும் நடக்கல, ஜனங்களுக்கு இன்னும் அது தேவைன்னு இந்தம்மா நேர்ல பார்த்து எழுதணும். நாளைக்கு உங்க காலனிக்குத்தான் வராங்க."

"தேவையில்லன்னு எழுதினா?"

"பொதுக் கஜானாவுக்குப் போயிடும். அதுலேருந்து உங்க தெருவுக்கு ஏதாவது வருமா, வராதான்னு என்னால சொல்ல முடியாதுப்பா."

அவர்களை ஓட்டலில் இறக்கிவிட்டேன். காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்பதால் வண்டியிலேயே தங்கிக்கொள்ளச் சொன்னார் முதலாளி. வீட்டுக்கு போன் செய்தேன். மனைவி எடுத்ததும், "நாளைக்கு இட்டுக்கினு வா, எல்லாம் ரெடியா இருக்கும், அக்கா பாத்துக்கினு இருக்காங்க" என்றாள். என்ன ரெடி என்று நான் கேட்கவில்லை. காலனிக்கு ஒரு பெரிய ஆள் வந்தால் என்ன செய்வோமோ அதுதானே என்று நினைத்தேன்.

அதுதான். அதையேதான் செய்திருந்தார்கள்.

காலனி முனையில் வாழை மரம் கட்டியிருந்தது. தெரு முழுக்கத் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. மேளம். குழந்தைகள் தலையில் எண்ணெய் வழிய இரண்டு வரிசையாக நின்றார்கள். பெண்கள் எல்லாரும் கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையில். சாயப்பட்டறைக்குப் போகிறவர்கள் கையிலிருந்த சாயக் கறைகூடத் தெரியாத அளவுக்குத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நீலப் பிளாஸ்டிக் டிரம், மூடியைத் திறந்து வைத்து, கழுத்து வரை தண்ணீர். எங்கள் வீட்டு டிரம் அப்படி நிறைந்து நான் பார்த்ததே இல்லை.

அக்கா முன்னால் வந்து ஒரு பட்டுச் சால்வையை விரித்தார். அந்த அம்மா கைகூப்பிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். மொழிபெயர்க்கும் பெண் அவசரமாக, "வாங்க ஏலாது அம்மா, சட்டமில்லை, கோவிக்காதேங்கோ" என்றாள்.

"காஞ்சிவரத்துக்கு வந்துட்டுப் பட்டு வேணாம்னா எப்படிம்மா?" என்றார் அக்கா. கூட்டத்தில் முணுமுணுப்பு. "சரி, பூவாவது வாங்கிக்கலாமா, அதுக்கும் சட்டமா?"

"பூ பரவாயில்லை."

பூ கொடுத்தார்கள். பிறகு அக்கா அந்த அம்மாவின் கையைப் பிடித்து அம்மன் கோயிலுக்கு எதிரே இருந்த குழாய்க்குக் கூட்டிக்கொண்டு போனார். குழாய்க்குக் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தது. பக்கத்தில் புது சோப்பு, மடித்த துண்டு. "தூரத்துலேருந்து வந்துக்கிறீங்க. கை கழுவிட்டு வாங்கம்மா, டிபன் சாப்பிடலாம்" என்று சொல்லிக் குழாயைத் திருகினார்.

தண்ணீர் கொட்டியது.

கைதட்டல். மேளம் இன்னும் வேகம். பிறந்ததிலிருந்து அந்தத் தெருவில் இருப்பவன் நான், அங்கே குழாயில் தண்ணீர் வந்து பார்த்ததில்லை. ஒரு நிமிஷம் எனக்கே சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான் அதிகாரியின் முகத்தைப் பார்த்தேன். அவர் என் காதில், "யோவ், என்னய்யா இது? எல்லாம் போச்சே" என்றார்.

அந்த அம்மா கையை நீட்டவில்லை. தண்ணீரைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், டிரம்களைப் பார்த்தார். ஏதோ கேட்டார்.

"தண்ணி வருகுதே, எப்ப இருந்து வருகுது எண்டு கேக்கிறா."

"வருதும்மா. தாராளமா வருது. உங்களுக்கு இல்லாத தண்ணியா?" என்றார் அக்கா, பெருமையாக.

மொழிபெயர்க்கும் பெண்ணை நான் பார்த்தேன். கொஞ்சம் மாற்றிச் சொல்லேன் என்று என் முகத்திலேயே எழுதியிருக்கும். அவள் மெதுவாக, "அண்ணா, சொன்னதைத்தான் நான் சொல்ல வேணும். கூட்டிக் குறைக்க ஏலாது" என்றாள். சொல்லிவிட்டாள். அந்த அம்மா எழுதிக்கொண்டார்.

நான் அக்காவைக் கோயில் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போனேன். "இன்னாக்கா இது? எங்கேருந்து தண்ணி?"

"கோயிலுக்குப் பின்னால டேங்கர் நிக்குதுபா. அங்கேருந்து ஓஸு. இந்த ஒரு கொழாய்க்கு மட்டும் மண்ணுக்கடியில இழுத்து மாட்டிக்கிறோம். டிரம்மும் அதுலதான் ரொப்பினோம். தெருவே சேர்ந்து காசு போட்டுது."

"அக்கா, அவங்க தண்ணி இல்லைங்கறதப் பாக்கத்தான் வந்துக்கிறாங்க."

"அது எனக்குத் தெரியாதா? மனு எழுதினவ நானு. தண்ணி இல்லன்னு தெரிஞ்சிதான அத்தினி தூரத்துலேருந்து வராங்க, தெரிஞ்சதையே எதுக்குக் காட்டணும்? அதுக்காக வீட்டுக்கு வந்த பொம்பளைய, கை கழுவத் தண்ணி இல்ல, அப்படியே நில்லும்மான்னு சொல்லச் சொல்றியா? நம்மளப் பத்தி இன்னா நெனப்பாங்க?"

"தண்ணி இருக்குதுன்னு நெனப்பாங்கக்கா. இருக்குதுன்னு எழுதிட்டாங்க. எழுதினா பணம் நம்ம தெருவுக்கு வராது. கஜானாவுக்குப் போயிடும்."

அக்கா கோபக்காரர், யாருக்கும் பயப்படாதவர், கலெக்டர் மேஜையில் குழாய்த் தூணை வைத்தவர். அன்றைக்கு அவர் முகம் சின்னதாகிப் போனதை நான் பார்த்தேன். தண்ணீர் இல்லை என்று நூறு அதிகாரிகளிடம் சொல்லியிருக்கிறார். விருந்தாளியிடம் சொன்னதில்லை. அவருக்கு இரண்டும் வேறு வேறு.

"நீ போய்ச் சொல்லிடுறியா?" என்றார்.

"சொல்றேன்க்கா. ஆனா நான் சொன்னா உங்களப் பொய் சொன்னவங்களா காட்டுற மாதிரி ஆயிடும்."

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். நேராகப் போய் மேளக்காரரைப் பார்த்து, "நிறுத்துபா" என்றார். அந்த அம்மாவின் கையை மறுபடி பிடித்தார். "வாம்மா, கொழாய் எங்கேருந்து வருதுன்னு காட்டுறேன்."

எல்லாரும் பின்னாலேயே போனோம். கோயிலுக்குப் பின்னால் டேங்கர் நின்றது, அதன் பின்புறத்திலிருந்து பச்சை ஓஸ் ஒன்று மண்ணுக்குள் போனது. டேங்கர் டிரைவர் பீடி பிடித்துக்கொண்டிருந்தவர் எழுந்து, "முடிஞ்சிதாக்கா? கல்யாண மண்டபத்துல வெயிட் பண்ணிக்கினு இருக்காங்க" என்றார்.

"முடிஞ்சிது. கழட்டு" என்றார் அக்கா. பிறகு மொழிபெயர்க்கும் பெண்ணிடம் சொன்னார்: "இதச் சொல்லும்மா அவங்களுக்கு. இதான் எங்க தண்ணி. இன்னிக்கு மட்டுந்தான். நீங்க வரீங்கன்னு வாங்கினது. மீதி கொழாய்ல எதத் தொறந்து பாத்தாலும் ஒண்ணும் வராது. நான் சொன்னது பொய்யி. ஆனா ஏமாத்தணும்னு சொல்லல."

அந்தப் பெண் சொல்லி முடித்ததும் அந்த அம்மா ஓஸைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு கேள்வி கேட்டார். எனக்காகவா, என்று.

"பின்ன யாருக்கு?" என்றார் அக்கா.

அதிகாரி இடையில் புகுந்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். இதை எழுத வேண்டாம், விட்டுவிடலாம் என்று சொல்லியிருப்பார். அந்த அம்மா தலையாட்டி மறுத்தார். "அவ சொல்லுறா, எழுதத்தான் வேணுமாம். தண்ணி வந்தது எண்டும், எப்பிடி வந்தது எண்டும், ரெண்டையும் எழுதுவாவாம். ஆனா நாளைக்கு விடிய இன்னொருக்கா வரலாமோ எண்டு கேக்கிறா. நீங்கள் ஒண்டும் செய்யாமல் இருக்க வேணும். ஒண்டுமே."

"ஒண்ணுமேன்னா?"

"கோலமும் வேண்டாம்."

"காப்பி?"

அந்தப் பெண் கேட்டுச் சொன்னாள்: "காப்பி பரவாயில்லையாம். ஆனா காசு தருவாவாம்."

"காப்பிக்குக் காசு வாங்க நான் இன்னா ஓட்டலா வெச்சிக்கினு இருக்கறேன்?" என்றார் அக்கா. கூட்டமே சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மூச்சு வந்தது.

மூன்றாம் நாள் விடியற்காலையில் நாங்கள் போனபோது ஒன்றும் செய்யாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. அக்கா கதவுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வாசல் தெளிக்கவில்லை. துடைப்பம் சுவரில் சாய்ந்திருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நேற்றைய டிரம்கள் பாதியாகியிருந்தன. ஒன்றைத் தொட்டு அக்காவே, "இது டேங்கர் தண்ணி, கணக்குல சேக்காத" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார்.

கரண்ட் வந்ததும் பெண்கள் ஸ்கூட்டரிலும் சைக்கிளிலும் குடங்களைக் கட்டிக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பினார்கள். அந்த அம்மாவும் நடந்தார். மணலில் செருப்பு புதைந்தது, கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பம்பில் வரிசை. யார் முன், யார் பின் என்று வழக்கமான சண்டை, யாரும் விருந்தாளிக்காக அதை நிறுத்தவில்லை. அவர் ஒரு குடத்தை வாங்கித் தூக்கிப் பார்த்தார். பாதி அவர் மேல்தான் கொட்டியது.

"இடுப்புல வெய்ம்மா, கொழந்தய வெக்கிற மாதிரி" என்றாள் என் மனைவி.

மொழிபெயர்த்ததும் அவர் இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்சத் தூரம் வந்தார். நான் வாங்கிக்கொள்ளப் போனேன். தரவில்லை. எங்கள் வீட்டு வாசல்வரை கொண்டு வந்து டிரம்மில் ஊற்றினார். பிறகு ஒவ்வொரு குழாயாகத் திருகிப் பார்த்துக்கொண்டே தெருக்கோடிவரை போனார். மாதா கோயில் வாசலில் இருந்த கடைசிக் குழாயையும் விடவில்லை.

ஓட்டலில் இறக்கிவிடும்போது அந்தப் பெண்ணிடம் என் மகனுக்கு அப்போது புதிதாகத் தோன்றியிருந்த சந்தேகத்தைக் கேட்டேன்: "அந்த ஏரிக்கரை வீட்ல இப்ப யாரும்மா இருக்காங்க?"

"ஆரோ வாங்கியிருக்கினம் அண்ணா. ஆரெண்டு எனக்குத் தெரியாது. அவையளுக்கும் உங்கட தெருவைத் தெரியாது."

என் மகன் இன்றுவரை அந்த வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்கிறான். எதற்கு என்றால், சும்மா, தெரிந்துகொள்ளட்டும் என்கிறான்.

பணம் வந்தது. ஆனால் எங்கள் கையில் இல்லை, தனியாக ஒரு கணக்கில், இரண்டு நாட்டு அரசாங்கமும் பார்க்கிற மாதிரி. தெருவாசிகளில் ஐந்து பேர் பார்த்துச் சரி என்றால்தான் காண்டிராக்டருக்குப் பணம் போகும் என்று ஒரு ஏற்பாடு. அந்த ஐந்து பேரில் அக்கா ஒருவர். பள்ளம் தோண்டிப் பைப்பு இறக்கியதும் மண் தள்ளப் போனவர்களை, "மூடாதபா, நான் பாக்கணும்" என்று சேலையை வரிந்து கட்டிக்கொண்டு உள்ளே இறங்கிவிடுவார். காண்டிராக்டர், "யம்மா, இது பைப்புதாம்மா, பாம்பு இல்ல, ஓடிடாது" என்பார். "போன தடவை ஓடிப் போச்சே" என்பார் அக்கா. தெரு முழுக்கப் பள்ளம் திறந்தே கிடந்தது. நாங்கள் பலகை போட்டுத்தான் வீட்டுக்குள் போய் வந்தோம். யாரும் குறை சொல்லவில்லை.

தண்ணீர் வந்த முதல் நாள் காலை நான் சவாரிக்குப் போகவில்லை. ஒரே நேரத்தில் எல்லா வீட்டிலும் குழாயைத் திறந்தார்கள். டிரம், குடம், சட்டி, குழந்தையைக் குளிப்பாட்டுகிற தொட்டி, எதையும் விடவில்லை. இன்றைக்கு விட்டால் நாளைக்கு இருக்குமோ இருக்காதோ என்ற பயம். எல்லாரும் திறந்ததால் அழுத்தம் போய், எல்லார் குழாயிலும் நூல் மாதிரி ஒழுகியது. மாதா கோயில் பக்கத்து வீடுகளுக்குச் சொட்டுக்கூட இல்லை. அவர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

அக்கா வீடு வீடாகப் போய்க் குழாயை மூடினார். "மூடுங்கடி. ஒருத்தர் ரொப்பின அப்புறம் ஒருத்தர். நாளைக்கும் வரும்."

"யாரு சொன்னது நாளைக்கும் வரும்னு?" என்று உள்ளேயிருந்து என் மனைவி கேட்டாள்.

அக்கா எங்கள் வாசலில் நின்று யோசித்தார். "வந்துதான் ஆகணும். பள்ளத்துல நான் பாத்தேன், பைப்பு இருக்குது" என்று சொல்லிவிட்டுக் குழாயை மூடினார். மூடிய பிறகு அதை இன்னொரு தடவை திறந்து, தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடி மூடிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.